ஒரு இஞ்ச் பைப்புக்கு எந்த அளவு ஹோல் சா?

ஓட்டைவாளி:

வணக்கம். வீட்டு பிளம்பிங் வேலைகளை நானே செய்து பழகிக்கொண்டிருக்கிறேன். பைப்பை நேராக வெட்டுவது, சால்வென்ட் தடவி ஒட்டுவது, மரையில் டெஃப்லான் சுற்றுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஓட்டை போடுவதில்தான் முழிக்கிறேன்.

இப்போது நான்கு வேலைகள் காத்திருக்கின்றன. சிங்க்குக்குக் கீழே உள்ள பிளைவுட் அலமாரியின் பின்பலகை வழியாக 40 மிமீ வேஸ்ட் பைப் போக வேண்டும். பலகைக்குப் பின்னால் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், அதையும் தாண்டி வெளியே எடுக்க வேண்டும். அடுத்து, ஸ்டெயின்லெஸ் சிங்க்கின் விளிம்பில் ஃபில்டர் தண்ணீருக்கு ஒரு சின்னக் குழாய். மூன்றாவது, குளியலறையில் டைல்ஸ் ஒட்டிய சுவர் வழியாக முக்கால் இஞ்ச் சிபிவிசி சுடுதண்ணீர் பைப். கடைசியாக, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் ஒரு இஞ்ச் கனெக்டர்.

ஒரு இஞ்ச் என்றால் 25 மிமீ, கொஞ்சம் இடம் விட்டு 27 மிமீ ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாக ஓட்டை அறுக்கும் வாள்) வாங்கினால் சரி என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு இஞ்ச் என்று அச்சடித்த பிவிசி துண்டின் மேல் டேப்பை வைத்தால் குத்துமதிப்பாக 33 காட்டுகிறது. முக்கால் இஞ்ச் சிபிவிசி 22 தான் வருகிறது. பக்கத்தில் கிடக்கும் முக்கால் இஞ்ச் இரும்புத் துண்டோ 27-ஐத் தொடுகிறது. எதை நம்பி அளவு எடுப்பது? பெட்டியில் வரிசையாக அடுக்கிய ஹோல் சா செட் ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகிவிடுமா?

அரைஇஞ்ச்:

செட்டாகவே வாங்கிப் போடுங்கள். பைப்பை விட ஒரு சைஸ் பெரிய ஓட்டை போட்டால் போதும், இதற்கெல்லாம் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் வேலை நடக்காது. மிச்ச இடைவெளியை சிலிக்கான் பார்த்துக்கொள்ளும்.

மரைகழன்றவன்:

சிலிக்கான் பார்த்துக்கொள்ளும் என்று விட்ட தொட்டிகளைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் பராமரிப்பு வேலை எனக்கு. சிலிக்கானால் எனக்கு வரும்படி உண்டு என்பதால் அதைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் நண்பர் கேட்டதற்கு வருகிறேன்.

முதலில் அந்த இஞ்ச் குழப்பம். பைப்பின் மேல் போட்டிருக்கும் இஞ்ச் ஒரு பெயர், அளவு இல்லை. எட்டாம் நம்பர் செருப்பு போடுகிறவருக்குப் பாதம் எட்டு இஞ்சா என்ன? பழைய காலத்து இரும்புப் பைப்புக்கு உள்விட்டத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள். அப்புறம் இரும்பு தேறத் தேறப் பைப்பின் சுவர் மெலிந்தது. ஏற்கெனவே போட்ட பைப்போடு மரை சேர வேண்டுமே என்று வெளிவிட்டத்தை மட்டும் மாற்றாமல் விட்டார்கள். அதனால் இன்றைக்கு ஒரு இஞ்ச் என்ற பெயரில் உள்ளேயும் ஒரு இஞ்ச் கிடையாது, வெளியேயும் கிடையாது.

இரும்புப் பைப்பிலும், ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று போட்டு வரும் பிவிசியிலும் அரை இஞ்சுக்கு வெளிவிட்டம் 21.3 மிமீ, முக்காலுக்கு 26.7, ஒரு இஞ்சுக்கு 33.4, ஒன்றரைக்கு 48.3, இரண்டுக்கு 60.3. சுடுதண்ணீருக்கு நாம் போடும் சிபிவிசி பெரும்பாலும் செம்புக் குழாய் வரிசையைப் பின்பற்றியது. அதில் பெயரோடு எட்டில் ஒரு இஞ்ச் கூட்டினால் வெளிவிட்டம் வந்துவிடும். அரை 15.9, முக்கால் 22.2, ஒன்று 28.6. மூன்றாவது வகை, மிமீ கணக்கில் பெயர் வைத்த பிவிசி. 20, 25, 32, 40, 50, 63, 75, 90, 110 என்று போகும். இந்த ஒரு வகைதான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது, பெயரே வெளிவிட்டம். உங்களிடம் இருக்கும் மூன்று துண்டும் சரியாகத்தான் இருக்கின்றன, டேப்பும் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வெர்னியர் இல்லை என்றால் ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்துப் பைப்பைச் சுற்றி இறுக்கிப் பிடியுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு, இரண்டு அடுக்கிலும் விழும்படி. பிரித்து வைத்துக் கோட்டிலிருந்து கோட்டுக்கு அளந்து 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம். உங்கள் ஒரு இஞ்ச் துண்டில் 105 மிமீ வரும், வகுத்தால் 33.4. டேப்பை வட்டத்தின் குறுக்கே வைத்துக் கண்ணால் பார்ப்பதை விட இது எவ்வளவோ துல்லியம்.

சரி, வெளிவிட்டம் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு கூட்டுவது? "ஒரு சைஸ் பெரிதாக" என்ற ஒரே பதில் எல்லா இடத்துக்கும் செல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டைக்கும் வேலை வேறு. தொட்டியில் போடும் ஓட்டை பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவரில் போடும் ஓட்டை வழிவிட வேண்டும். சிங்க்கில் போடும் ஓட்டை குழாயின் அடித்தட்டுக்குக் கீழே மறைந்துவிட வேண்டும். இந்த மூன்றில் எது என்று முதலில் முடிவு செய்துவிட்டால் அளவு தானாக வந்துவிடும்.

தொட்டியிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் தப்பினால் வலிக்கும். கனெக்டரில் ஓட்டைக்குள் போவது பைப் இல்லை, மரை. ஒரு இஞ்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் அளவுமுறை) மரையின் வெளிவிட்டம் 33.25 மிமீ. முக்கால் என்றால் 26.4, அரை என்றால் 20.95. ஒரு இஞ்சுக்கு 35 மிமீ ஹோல் சா, முக்காலுக்கு 28, அரைக்கு 22. இதற்கு மேல் போகாதீர்கள். சில கனெக்டரில் மரைக்கும் தட்டுக்கும் நடுவே கொஞ்சம் தடித்த கழுத்து இருக்கும், அதனால் கையில் வாங்கிய கனெக்டரை அளந்து பார்த்த பிறகே ஹோல் சா வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், தண்ணீரை நிறுத்துவது அந்த ரப்பர் வாஷர்தான். வாஷரின் வெளிவிட்டம் 50 மிமீ என்று வைத்துக்கொள்வோம். 35 மிமீ ஓட்டையில் வாஷர் தொட்டியின் மேல் உட்காரச் சுற்றிலும் 7.5 மிமீ அகலம் கிடைக்கிறது. கையில் 40 மிமீ ஹோல் சா இருக்கிறதே என்று அதைப் போட்டால் 5 மிமீதான். அதுவும் கனெக்டர் ஓட்டையின் நடுவில் நிற்காது, ஒரு பக்கம் சரிந்து உட்காரும். சரிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வாஷர் விளிம்பில் தொங்கும். நட்டை இறுக்க இறுக்க அந்த இடத்தில் ரப்பர் ஓட்டைக்குள் பிதுங்கும். ஆரம்பத்தில் சொட்டாது. தொட்டி நிறைந்து, வெயிலில் காய்ந்து, பைப் இரண்டு தடவை ஆடிய பிறகு சொட்டும்.

தொட்டியில் இடம் பார்க்கும்போது உடம்பில் ஓடும் வரிப்பள்ளங்களை விட்டுத் தட்டையான பரப்பைத் தேடுங்கள். பெரும்பாலான தொட்டிகளில் அதற்கென்றே ஒரு தட்டை வட்டம் விட்டிருப்பார்கள். உள்ளே கை எட்டுகிறதா என்று ஓட்டை போடும் முன்பே மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள், கனெக்டரின் ஒரு பக்கத்தை யாராவது உள்ளிருந்து பிடித்தாக வேண்டும். தண்ணீரை ஓட்டை மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், வேகம் கூடினால் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகிப் பல்லில் அப்பிக்கொள்ளும். வெட்டி முடித்ததும் ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், உள்ளும் புறமும். நூல் நூலாகப் பிசிறு நிற்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து அதைச் சீவி எடுத்துவிட வேண்டும். வாஷருக்கு அடியில் மாட்டும் ஒரே ஒரு நூல் போதும், சொட்டுவதற்கு. உள்ளே விழுந்த துருவலை அள்ளாமல் தண்ணீர் திறந்தால் அது நேரே குழாய் வாயில் இருக்கும் சல்லடையில் போய் உட்காரும்.

அடுத்தது சுடுதண்ணீர் பைப். இது வழிவிட வேண்டிய ஓட்டை. சிபிவிசி சூட்டில் நன்றாகவே நீளும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.06 மிமீ. மூன்று மீட்டர் பைப்பில் 40 டிகிரி சூடு ஏறினால் 7 மிமீக்கு மேல் நீளும். ஓட்டை பைப்பை இறுக்கிப் பிடித்தால் அது நகர முடியாமல் வேறெங்காவது வளையும், அல்லது சுவரில் உரசி டக் டக் என்று சத்தம் போடும். 22.2 மிமீ பைப்புக்கு டைல்ஸில் 30 மிமீ ஓட்டை போடுங்கள். பின்னாலுள்ள செங்கல்லிலும் கிட்டத்தட்ட அதே அளவு இடம் வேண்டும். டைல்ஸுக்கு முன்னால் ஃபிளேஞ்ச் வந்து மூடிவிடும், அதன் வெளிவிட்டம் ஓட்டையை மூடும் அளவுக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த இடைவெளியில் சிமென்ட் பூசாதீர்கள். இங்கே வேண்டுமானால் அரைஇஞ்ச் நண்பரின் சிலிக்கானைப் போடலாம், அது பைப்போடு சேர்ந்து அசைந்து கொடுக்கும்.

வேஸ்ட் பைப்புக்கும் வழிவிட வேண்டும், ஆனால் காரணம் வேறு. வாட்டம். நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் போனால், ஒன்பது இஞ்ச் சுவரின் 230 மிமீக்குள் பைப் கிட்டத்தட்ட 6 மிமீ இறங்கும். நேர்மட்டமாகத் துளைத்த ஓட்டையில் 40 மிமீ பைப் வாட்டத்தோடு நுழைய வேண்டுமானால் 46 மிமீயாவது வேண்டும், அதுவும் இடித்துக்கொண்டுதான் போகும். சுவருக்கு 52 மிமீ கோர் பிட் (சுவரை வட்டமாகக் குடையும் குழல் பிட்) எடுங்கள், அது எங்கும் கிடைக்கும் அளவு. துளைக்கும்போதே வெளிப்பக்கம் இம்மியளவு தாழ்வாகப் பிடித்தால் இன்னும் நல்லது. பலகையில் 44 மிமீ ஹோல் சா போதும் என்றாலும், பைப்பை நிமிண்டி வாட்டம் சரிசெய்ய இடம் இருக்கட்டும் என்று நான் அங்கேயும் 48 போடுவேன். ஓட்டைக்குள் கப்ளர் நுழைய வேண்டிய நிலை வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஓட்டை வழியாகப் போகும் பொருள்களில் எது பெரியதோ அதற்குத்தான் அளவு. சுவருக்குள் ஜாயிண்ட் வராமல் ஒரே துண்டாகப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சிங்க்கில் போடும் குழாய்க்கு அதன் கீழ்த்தண்டை அளந்து இரண்டு மிமீக்குள் கூட்டுங்கள். ஃபில்டர் குழாய்களின் தண்டு மெல்லியது, பல குழாய்களுக்கு 12 மிமீ ஓட்டையே போதும். அந்த அளவுக்கு ஹோல் சாவே வேண்டாம், படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் ஒன்று இருந்தால் மெல்லிய தகட்டில் அழகாக வட்டம் விழும். பெரிய சமையலறை மிக்சர் போடுவதானால்தான் 35 மிமீ ஹோல் சா. ஸ்டெயின்லெஸ் தகட்டில் வேகமாகச் சுற்றி லேசாக அழுத்தினால் பல் அறுக்காமல் தேய்க்கும். தேய்ந்த இடம் இறுகிப்போய்ப் பிறகு எந்தப் பல்லுக்கும் மசியாது. 35 மிமீ பைமெட்டல் (பல் மட்டும் கடினமான வேறு எஃகில் உள்ள) ஹோல் சாவைச் சாதாரண இரும்பில் நிமிடத்துக்கு 250 சுற்று போல ஓட்டுவார்கள், ஸ்டெயின்லெஸ்ஸில் அதில் பாதி. டிரில்லில் கியர் ஒன்றில் போட்டு விசையைப் பாதிதான் அழுத்த வேண்டும். கட்டிங் ஆயில் ஒரு சொட்டு, அழுத்தம் நன்றாக. சுருள் சுருளாக வந்தால் அறுக்கிறது, பொடியாக வந்தால் தேய்க்கிறது.

செட்டு விஷயம். வேண்டாம். மலிவான செட்டில் வருவது சாதாரணக் கார்பன் எஃகு, மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் சரி, ஸ்டெயின்லெஸ் தகட்டைக் கண்டதும் பல் மழுங்கிவிடும். டைல்ஸுக்கு அது எப்படியும் ஆகாது. உங்களுக்கு வேண்டியது 35-லும் 48-லும் ஒவ்வொரு பைமெட்டல், ஒரு ஸ்டெப் டிரில், 30 மிமீ வைரப்பொடி ஒட்டிய ஹோல் சா. சுவருக்கான 52 கோர் பிட்டையும் அதை ஓட்டுகிற பெரிய டிரில்லையும் வாடகைக்கு எடுங்கள், ஒரு ஓட்டைக்காக அதை வாங்கி வைத்து என்ன செய்வது. பெட்டியில் அடுக்கிய பத்துப் பதினைந்தில் நீங்கள் தொடப்போவது இரண்டோ மூன்றோதான், மீதி துருப்பிடிக்கும்.

ரசமட்டம்:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். டைல்ஸ் ஓட்டையில் மட்டும் மாறுபடுகிறேன். 22 மிமீ பைப்புக்கு 30 போடுவது அதிகம். 25 போட்டால் ஃபிளேஞ்ச் இல்லாமலேயே சுத்தமாக இருக்கும், மெல்லிய சிலிக்கான் வளையம் ஒன்றோடு முடிந்தது. 30 போட்டுவிட்டுச் சின்ன ஃபிளேஞ்ச் கிடைத்தால் ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பாகத் தெரியும். டைல்ஸில் ஓட்டையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாதே.

மரைகழன்றவன்:

ஒற்றைப் பைப் என்றால் உங்கள் பேச்சுக்கு இடம் உண்டு, பச்சைத் தண்ணீர் என்றால் நானும் 25 போடுவேன். சுடுதண்ணீர் என்பதால்தான் தள்ளிப் போகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. சுவர் மிக்சருக்குச் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வரும் இடத்தில் நடுவிலிருந்து நடுவுக்கு 150 மிமீ இருக்க வேண்டும். டைல்ஸ் மேல் குறித்து, பிட் கொஞ்சம் வழுக்கி, செங்கல்லுக்குள் பைப் கொஞ்சம் சாய்ந்து என்று இரண்டு ஓட்டையிலும் ஆளுக்கு ஒரு மிமீ போனால் மிக்சரை முடுக்க முடியாமல் மல்லுக்கட்ட வேண்டும். 25 மிமீ ஓட்டையில் நகர்த்த இடம் ரொம்பக் குறைவு, 30-ல் பைப்பைத் தள்ளி 150-க்குக் கொண்டுவரலாம். கோணல் லெக் (நடு விலகிய இணைப்புத் துண்டு) போட்டும் சமாளிக்கலாம்தான், ஆனால் ரசமட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு அது கண்ணை உறுத்துமே.

ஃபிளேஞ்ச் சின்னதாகக் கிடைக்கும் ஆபத்து உண்மைதான். அதை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டை போட்டால் பிறையும் இல்லை, அமாவாசையும் இல்லை.

ஓட்டைவாளி:

மிக்க நன்றி. காகிதம் சுற்றி அளந்தேன், 105 தான் வந்தது. இன்னும் மூன்று சந்தேகம். பலகையில் முன்பு யாரோ போட்ட 25 மிமீ ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, அதே இடத்தைத்தான் 48 ஆக்க வேண்டும். நடுவில் மரமே இல்லையே, ஹோல் சாவின் நடுப்பிட் எதைப் பிடித்துக்கொள்ளும்? இரண்டாவது, வைர ஹோல் சாவில் நடுப்பிட்டே காணோம், டைல்ஸில் எப்படித் தொடங்குவது? மூன்றாவது, ஹோல் சாவை டிரில்லில் மாட்டும் தண்டான ஆர்பரைத் தனியாக வாங்கச் சொல்கிறார்கள், ஒன்று வாங்கினால் எல்லா அளவுக்கும் சேருமா?

ரசமட்டம்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். இரண்டு வழி. ஒரு துண்டு பிளைவுட்டில் 48 மிமீ ஓட்டை போட்டு, அந்தத் துண்டைப் பழைய ஓட்டையின் மேல் சரியாக வைத்து இரண்டு ஸ்க்ரூ அடித்துவிடுங்கள். அதுவே வழிகாட்டி. நடுப்பிட்டைக் கழற்றிவிட்டு ஹோல் சாவை அந்த வளையத்துக்குள் விட்டு ஓட்டினால் விலகாது. பல் பலகைக்குள் ஓர் ஐந்தாறு மிமீ இறங்கிய பிறகு வழிகாட்டியை எடுத்துவிடலாம். இன்னொரு வழி, ஒரே ஆர்பரில் சின்னதும் பெரியதுமாக இரண்டு ஹோல் சாவைச் சேர்த்து மாட்டுவது. 25 மிமீ ஹோல் சா பழைய ஓட்டைக்குள் நுழைந்து நடுப்பிட் வேலையைச் செய்யும், 48 சுற்றி அறுக்கும். இதற்கு ஆர்பரின் மரை நீளமாக இருக்க வேண்டும், எல்லா ஆர்பரிலும் இது நடக்காது. எனக்குப் பிளைவுட் வழிதான் பிடிக்கும்.

மரைகழன்றவன்:

பிளைவுட் வழிதான் நானும் செய்வது. டைல்ஸிலும் அதே தந்திரம் உதவும். ஸ்க்ரூ அடிக்க முடியாது என்பதால் இரட்டைப்பக்க டேப் போட்டு ஒட்டவேண்டியதுதான்.

அது இல்லாமலும் தொடங்கலாம். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அதன் மேல் வட்டம் வரைந்துகொள்ளுங்கள். டிரில்லில் சம்மட்டி அடியை அணைத்துவிட்டு, வெறும் சுழற்சியில் வையுங்கள், டைல்ஸ் தாண்டும் வரை அதைத் தொடவே கூடாது. ஹோல் சாவை நேராக வைக்காமல் சாய்த்துப் பிடித்து வட்டத்தின் கீழ் ஓரத்தில் மட்டும் தொட வையுங்கள். மெதுவாக ஓட்டினால் பிறை வடிவில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் கிடைத்ததும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். பிறை நீண்டு நீண்டு முழு வட்டமாகும், அதற்குப் பிறகு அது எங்கேயும் ஓடாது. உடன் ஒருவரை நிறுத்தி ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். மின்சார டிரில்லுக்குள் தண்ணீர் போகாமல் கீழ்ப்பக்கமிருந்து அடிக்க வேண்டும். பேட்டரி டிரில் இருந்தால் இந்த வேலைக்கு அதுவே மேல். வடியும் பால் வெள்ளைத் தண்ணீர் கெட்டியாகி மாவுபோல வந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அழுத்த வேண்டாம், வைரப்பொடி தானாகத் தின்னும். டைல்ஸின் விளிம்புக்கு ஒட்டினாற்போல வட்டம் விழுந்தால் விளிம்பு வரை விரிசல் ஓடும், முடிந்தால் பைப்பையே சற்றுத் தள்ளுங்கள். டைல்ஸ் தாண்டியதும் வைர ஹோல் சாவை வெளியே எடுத்துவிட்டுச் சுவர் பிட்டுக்கு மாறுங்கள். அது ஆழமாகப் போகச் செய்ததில்லை.

ஆர்பர். ஒன்று எல்லாவற்றுக்கும் சேராது. வழக்கமான பைமெட்டல் ஹோல் சாவில் 30 மிமீ வரைக்கும் அடியில் அரை இஞ்ச் மரை, இஞ்சுக்கு 20 சுற்று. 32 மிமீயிலிருந்து மேலே எட்டில் ஐந்து இஞ்ச் மரை, இஞ்சுக்கு 18 சுற்று. உங்கள் 35-ம் 48-ம் ஒரே வகையில் வந்துவிடுகின்றன, பெரிய ஆர்பர் ஒன்று போதும். அதன் அடியில் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், அவை ஹோல் சாவின் முதுகில் உள்ள துளைகளுக்குள் போய் மாட்ட வேண்டும். மரையை இறுக்கி முடுக்கிவிட்டு ஊசியை மாட்டாமல் ஓட்டினால் வேலை நடுவில் மரை இறுகிப்போய்க் கழற்றவே முடியாது. மரையை முழுக்க முடுக்கி, ஊசித் துளை நேருக்கு வரும்வரை கொஞ்சம் பின்னால் தளர்த்தி, ஊசியை மாட்டுங்கள். நடுப்பிட் பெரும்பாலும் கால் இஞ்ச், அதாவது 6.35 மிமீ, பக்கத்தில் சின்ன ஸ்க்ரூவால் பிடித்திருக்கும். ஓட்டை முடிந்ததும் வட்டச் சில்லு ஹோல் சாவுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுத்தியலால் தட்டாதீர்கள். பக்கவாட்டில் நீளமாக வெட்டுவாய் இருக்கிறதல்லவா, அதற்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் வந்துவிடும்.

பைமெட்டல் ஹோல் சாவின் வெட்டு ஆழம் சுமார் 38 மிமீதான். அலமாரிப் பலகை அதற்குள் அடங்கிவிடும், சுவருக்குள் அதை விட்டுப் பார்க்க வேண்டாம்.

அரைஇஞ்ச்:

ஒப்புக்கொள்கிறேன், தொட்டிக்கு சிலிக்கான் சொன்னது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் 52 மிமீ கோர் பிட்டை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறீர்களே, புதுக்கை அதைப் பிடித்து நிற்க முடியுமா? மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாதா?

மரைகழன்றவன்:

நல்ல கேள்வி, நானே சொல்லியிருக்க வேண்டும். செங்கல்லுக்குள் பல் மாட்டினால் பிட் நிற்கும், டிரில்லின் உடம்பு சுற்றும். அதனால் கிளட்ச் உள்ள டிரில் மட்டும்தான். மாட்டினால் கிளட்ச் வழுக்கிவிட்டுவிடும். பக்கக் கைப்பிடியைக் கழற்றிவைத்துவிட்டு ஓட்டும் வீரம் வேண்டாம். விசையில் பூட்டு இருந்தால் அதைப் போடாதீர்கள். ஏணியின் உச்சியில் நின்று செய்யும் வேலையும் இது இல்லை. வைரக் கோர் பிட் என்றால் இங்கேயும் சம்மட்டி அடி கூடாது, பல் கழன்று வரும்.

முதலில் 10 அல்லது 12 மிமீ நீள பிட்டால் உள்ளிருந்து வெளியே முழுதாக ஒரு துளை போடுங்கள், வாட்டத்தோடு. அந்தத் துளை வெளியே எங்கே வருகிறது என்று போய்ப் பாருங்கள். இடம் சரி என்றால் கோர் பிட்டை உள்ளிருந்து பாதி, வெளியிலிருந்து பாதி என்று இரண்டு பக்கமும் விட்டுத் துளையுங்கள். ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டு போனால் மறுபக்கம் பூச்சு தட்டு தட்டாகப் பெயர்ந்து விழும், அதை ஒட்டவைக்க நாள் ஆகும்.

இதெல்லாம் செங்கல் சுவருக்கு. துளைக்கும்போது பொடி சிவப்பாக வராமல் சாம்பல் நிறத்தில் வந்து, பிட் கம்பியில் பட்டுக் கிறீச்சிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அது தூணோ உத்திரமோ ஆக இருக்கலாம், அதைத் துளைக்கக் கூடாது, பைப்பின் பாதையைத்தான் மாற்ற வேண்டும். சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதற்கு நேர் மேலும் நேர் கீழும் வயர் இறங்கியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை விட்டு விலகிக் குறியுங்கள்.

ஓட்டைவாளி:

சாம்பல் பொடி விஷயம் தெரியாது, நல்லவேளை கேட்டேன். சிங்க்குக்கு நேர் மேலே ஒரு சுவிட்ச் போர்டு இருக்கிறது, ஆகவே வேஸ்ட் பைப்பை ஒரு முழம் இடப்பக்கம் தள்ளப் போகிறேன். அப்படியானால் அந்தப் பழைய 25 மிமீ ஓட்டையும் தேவைப்படாது. பிளைவுட் வழிகாட்டி வேலை மிச்சம்.

ரசமட்டம்:

ஒரு முழம் தள்ளினால் அலமாரிக்குள் ஓடும் துண்டுக்கும் வாட்டம் வேண்டும். அரை மீட்டருக்கு 12 மிமீ போல. அதனால் சுவரில் ஓட்டைக்குக் குறிக்கும்போது டிராப்பின் (சிங்க்குக்குக் கீழே உள்ள வளைந்த பைப்பின்) வாயிலிருந்து அந்த 12-ஐக் கீழே இறக்கிக் குறியுங்கள், அதே உயரத்தில் குறித்துவிடாதீர்கள்.